தேநீர்க் கடை வரை வந்த செய்தி

சி. பா. ஆதித்தனார் என்றதும் பலர் அவருடைய பதவிகளைத்தான் அடுக்குவார்கள்: 1967-இல் சட்டப்பேரவைத் தலைவர், பிறகு மு. கருணாநிதி அமைச்சரவையில் அமைச்சர், அதற்கும் முன்னால் நாம் தமிழர் இயக்கத்தின் நிறுவனர். தமிழ்நாட்டை அவர் மாற்றியது அந்த நாற்காலிகளில் இருந்து அல்ல. 1942-இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கி, வேறு எந்த நாளிதழும் பொருட்படுத்தாத மக்களைச் செய்தி படிக்க வைத்தாரே, அவருடைய செல்வாக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

திருச்செந்தூருக்கு அருகே காயாமொழியில் 1905-இல் பிறந்த அவர் லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்து, சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அப்போது தமிழில் நாளிதழ்களுக்குப் பஞ்சமில்லை. 1882-இல் பிறந்த ‘சுதேசமித்திரன்’ இருந்தது. 1934-இல் வந்த ‘தினமணி’ இருந்தது. விடுதலைப் போராட்டத்துக்கு அவை ஆற்றிய பணி பெரிது. ஆனாலும் அவற்றின் நடை, ஓரளவு படித்தவர்களை மனத்தில் வைத்தே அமைந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூட இங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்தறிவு. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் விளங்க வேண்டும் என்று ஆதித்தனார் பிடிவாதமாக நின்றார். பிரிட்டனின் ‘டெய்லி மிரர்’ போன்ற வெகுமக்கள் இதழ்களின் பாணியைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பெரிய தலைப்பு, படம், சின்னச் சின்ன வாக்கியம், பேச்சில் புழங்கும் சொல். இதையெல்லாம் ‘இதழாளர் கையேடு’ என்று நூலாகவே எழுதித் தம் செய்தியாளர்கள் கையில் கொடுத்தார். பல ஊர்களில் அச்சிட்டதால் செய்தி ஆறுவதற்குள் தாள் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, படிக்கத் தெரியாதவரும் உலகச் செய்தி கேட்டார்.

கொலையும் கொள்ளையும் போட்டு விற்றவர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. குற்றச் செய்திகளுக்குத் தந்தி கொடுத்த இடம் அதிகம்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் கொலைச் செய்திக்காகத் தாளைப் பிரித்தவர் பக்கத்திலேயே விலைவாசியையும் தேர்தலையும் படித்தார். ஓர் எளிய மனிதருக்கு அன்றாடம் வாசிக்கும் பழக்கம் வருவது சின்ன விஷயமில்லை. மற்றொரு வாதம் இன்னும் வலுவானது: மக்களை வாசிக்க வைத்தது திராவிட இயக்கம், ஆதித்தனார் அந்த அலையில் ஏறிக்கொண்டவர் என்பது. இயக்க இதழ்களின் பங்கு மகத்தானது. என்றாலும் ‘விடுதலை’யும் ‘முரசொலி’யும் பெரும்பாலும் கொள்கையை ஏற்றவர்களிடம் பேசின. எந்தக் கட்சியிலும் சேராதவர், பத்திரிகை நமக்கு எதற்கு என்று ஒதுங்கியிருந்தவர், இவர்களைத் தொட்டது தந்திதான்.

தந்தியின் வாசகர்கள் கட்சிக்கு அப்பாற்பட்டவர்கள் என்பதற்கு ஆதித்தனாரின் அரசியலே சான்று. தமிழருக்குத் தனிநாடு கேட்டு 1958-இல் நாம் தமிழர் இயக்கத்தைத் தொடங்கினார். கையில் அவ்வளவு பெரிய பத்திரிகை இருந்தும் அந்த இயக்கம் தனித்து ஆட்சிக்கு வரும் அளவுக்கு வளரவில்லை, தி.மு.க.வோடுதான் சேர வேண்டியிருந்தது. அவருடைய தாளைத் தினமும் வாங்கியவர்கள், யாருக்கு வாக்களிப்பது என்பதைத் தாங்களே முடிவுசெய்தார்கள்.