எரிமலைக்கும் அணு உலைக்கும் ஒரே எக்ஸ்ரே

2004 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு எட்டு மணியளவில் ஜப்பானின் அசாமா எரிமலை வெடித்தது. டோக்கியோவிலிருந்து வடமேற்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில், 2,568 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மலை அது. 1783இல் அது குமுறியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2004இல் அந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால், சீற்றம் தணிந்த பிறகு பார்த்தால், எரிமலையின் வாய்க்குள் புதிய குழம்பு ஏறி வந்து மேடு கட்டி உறைந்திருந்தது. அந்த மூடிக்கு அடியில் குழாய் திறந்திருக்கிறதா, அடைபட்டுக் கிடக்கிறதா? அடுத்த வெடிப்பு எப்படி இருக்கும் என்பது பெரிதும் இந்தக் கேள்வியைப் பொறுத்தது.

எரிமலை ஆய்வாளர்களிடம் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. நில அதிர்வைப் பதிவு செய்வார்கள், மலைச்சரிவு எவ்வளவு உப்பியிருக்கிறது என்று அளப்பார்கள், வெளிவரும் வாயுக்களைச் சோதிப்பார்கள். ஆனால் இவையெல்லாம் வெளியில் தெரியும் அறிகுறிகளை வைத்து உள்ளே நடப்பதை ஊகிக்கும் வழிகள்தான். வாய்க்குள் இறங்கிப் பார்க்க யாராலும் முடியாது.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹிரோயுகி தனாகாவும் அவருடைய குழுவினரும் வேறு வழியில் போனார்கள். மலைச்சரிவில் ஒரு குழிக்குள், அரை சதுர மீட்டர்கூடப் பரப்பில்லாத புகைப்பட எமல்ஷன் தகடுகளை வைத்தார்கள். பழைய காலத்து கேமரா பிலிமின் நெருங்கிய உறவு அது. மின்சாரம் தேவையில்லை, ஆள் காவல் தேவையில்லை. சுமார் இரண்டு மாதம் கழித்து எடுத்துக் கழுவி, தானியங்கி நுண்ணோக்கியில் வைத்துப் படித்தார்கள். அவர்கள் 2007இல் வெளியிட்ட படத்தில் அசாமாவின் உச்சிப்பகுதி உள்ளும் புறமுமாகத் தெரிந்தது. மேலே உறைந்து இறுகிய பாறை மூடி. அதற்கு அடியில் அடர்த்தி குறைந்த ஒரு பகுதி, அதாவது குழம்பு ஏறி வந்த பாதை.

இந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தது மியூவான் என்ற துகள்.

விண்வெளியிலிருந்து புரோட்டான்களும் பிற அணுக்கருக்களும் பூமியின் மேல் ஓயாமல் வந்து மோதிக்கொண்டிருக்கின்றன. ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் ஏறி அளந்து கண்டுபிடித்த காஸ்மிக் கதிர்கள் இவை. சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் இவை காற்றின் அணுக்கருக்களைத் தாக்கும்போது பயான் என்ற துகள்கள் பிறந்து, கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த நேரத்தில் சிதைந்து மியூவான்களாகின்றன. எலெக்ட்ரானுக்கு அண்ணன் என்று சொல்லத்தக்க துகள் மியூவான். மின்னூட்டம் அதேதான், எடை மட்டும் 207 மடங்கு. அமெரிக்காவில் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மேயரும் இதை 1936இல் அடையாளம் கண்டார்கள்.

அதன் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்குதான். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அந்த நேரத்துக்குள் சுமார் 660 மீட்டர்தான் கடக்க முடியும். பதினைந்து கிலோமீட்டர் கீழே இருக்கும் நம்மிடம் அது வந்து சேரவே கூடாது. ஆனால் வருகிறது. மிக வேகமாக ஓடும் பொருளுக்குக் காலம் மெதுவாக நகரும் என்று ஐன்ஸ்டைன் சொன்னது இங்கே கண்கூடான உண்மை. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது. இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உடலை ஆயிரக்கணக்கான மியூவான்கள் ஊடுருவிப் போயிருக்கும்.

எக்ஸ்ரேயால் ஒரு மீட்டர் கனமுள்ள பாறையைக்கூடத் துளைக்க முடியாது. ஆற்றல் மிகுந்த மியூவானோ ஒரு கிலோமீட்டர் பாறையைத் தாண்டி வரும். போகும் வழியில் பொருள் எவ்வளவு அடர்த்தியோ அந்த அளவுக்கு அதன் ஆற்றல் கரையும். போதிய ஆற்றல் இல்லாதவை நடுவிலேயே நின்றுவிடும். தூறலில் புளியமரத்தடியில் நின்றவருக்கு இது எளிதில் புரியும்: தலைக்கு மேல் இலை எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே தரை காய்ந்திருக்கும், எங்கே கிளைகள் விலகியிருக்கின்றனவோ அங்கே நனைந்திருக்கும். எந்தத் திசையிலிருந்து எத்தனை மியூவான் வருகிறது என்று பொறுமையாக எண்ணினால், இடையில் உள்ள பொருளின் அடர்த்தி நிழற்படமாகக் கிடைத்துவிடும்.

இந்த எண்ணம் எரிமலைக்காரர்களுக்கு முதலில் தோன்றியதல்ல. 1955இலேயே இ. பி. ஜார்ஜ் என்ற இயற்பியலாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கப்பாதைக்கு மேலே எவ்வளவு பாறை இருக்கிறது என்று இப்படி அளந்தார். நோபல் பரிசு பெற்ற லூயிஸ் அல்வாரெஸ் எகிப்தின் காஃப்ரே பிரமிடுக்குள் கருவியை வைத்து ரகசிய அறை உண்டா என்று தேடி, தேடிய பகுதியில் எதுவும் இல்லை என்று 1970இல் அறிவித்தார். பக்கத்தில் இருக்கும் குஃபு பிரமிடில் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் ஒன்றை மியூவான்கள் காட்டிக்கொடுத்தது 2017இல்.

எத்தனை மீட்டர் பாறைக்கு எத்தனை மியூவான் தப்பிப் பிழைக்கும் என்ற கணக்குத் தெரியாமல் இவற்றில் ஒன்றுமே நடக்காது. அந்தக் கணக்கைத் தந்த இடங்களில் நமக்கு மிக நெருக்கமான ஒன்று கோலார் தங்கவயல். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டிய அந்தச் சுரங்கங்கள் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் சேர்ந்தவை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1960களின் தொடக்கத்தில் மட்டம் மட்டமாகக் கருவிகளை இறக்கி மியூவான்களை எண்ணினார்கள். இறங்க இறங்க எண்ணிக்கை சரிந்தது. மிக ஆழத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. மியூவானே எட்டாத அந்த அமைதியில்தான் 1965இல் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுக்களோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். தங்கத்தைப் பற்றிப் பேசும்போது கோலாரின் பெயரைச் சொல்கிறோம். இந்த அளவீடுகளுக்காகவும் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

அதே நிறுவனம் ஊட்டியில் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இன்றும் இயங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், இரண்டு மீட்டர் கான்கிரீட் கூரைக்கு அடியில், ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3,712 அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குழாயும் ஒரு மியூவான் எண்ணி. 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஊட்டியின் மேல் ஒரு பெரிய இடிமேகம் கடந்தபோது மியூவான் வரத்து சுமார் இரண்டு சதவீதம் குறைந்தது. மேகத்தின் மின்புலம் அவற்றின் ஆற்றலைக் குறைத்துவிட்டது. அந்தக் குறைவிலிருந்து திரும்பக் கணக்கிட்டு, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று 2019இல் அறிவித்தார்கள். இடிமேகத்துக்குள் அவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று சி. டி. ஆர். வில்சன் 1920களிலேயே சொல்லியிருந்தார். அளந்து காட்டியது நீலகிரி.

அசாமாவுக்கு வருவோம். 2009 பிப்ரவரி 2ஆம் தேதி அது மறுபடியும் சிறிய அளவில் வெடித்தது, டோக்கியோவில்கூடச் சாம்பல் விழுந்தது. இந்த முறை மலையடியில் மின்னணுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. வெடிப்புக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒப்பிட்டால், வாய்க்குள் இருந்த பழைய மூடியின் ஒரு பகுதி காணாமல் போயிருந்தது. கீழிருந்து புதிய குழம்பு ஏறிவந்த தடயம் இல்லை. எரிமலை அருகே வாழும் மக்களுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல. பழைய மூடி மட்டும் சிதறியது என்றால் வீடு திரும்பலாமா என்று யோசிக்கலாம். புதிய குழம்பு ஏறுகிறது என்றால் ஊரைக் காலி செய்ய வேண்டிவரும்.

ககோஷிமா நகரத்துக்கு எதிரே, விரிகுடாவுக்கு நடுவில் புகைந்துகொண்டே இருக்கும் சகுராஜிமாவிலும் இந்த ஆய்வு தொடர்கிறது. சில ஆண்டுகளில் அந்த மலை நூற்றுக்கணக்கான முறை வெடிக்கும். 2017இன் இறுதியில் அதன் ஷோவா வாய் அடங்கி, பக்கத்திலுள்ள மினாமிதாகே வாய் சுறுசுறுப்பானது. ஷோவா வாய்க்கு அடியில் அடர்த்தி கூடியிருப்பதை, அதாவது குழாய் அடைபட்டுவிட்டதை, ஹங்கேரிய விஞ்ஞானிகளும் தனாகாவின் குழுவும் சேர்ந்து அமைத்த மியூவான் கருவிகள் காட்டின.

இந்த முறைக்கு எல்லை உண்டு. மியூவான் வானத்திலிருந்துதான் வரும், தரைக்கு அடியிலிருந்து வராது. ஆகவே கருவி இருக்கும் மட்டத்துக்கு மேலே உள்ள மலையைத்தான் பார்க்கலாம். பல கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் குழம்புத் தொட்டியைப் பார்க்கவே முடியாது. மேலும், மலையைக் குறுக்கே கடந்து வரும் சாய்வான மியூவான்கள் மிகக் குறைவு. ஒரு தெளிவான படத்துக்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். எந்த நாள், எந்த மணிக்கு வெடிக்கும் என்று இது சொல்லாது. எங்கே காலி, எங்கே கனம் என்பதை மட்டும் சொல்லும்.

அந்த ஒரு தகவலுக்காகத்தான் ஃபுகுஷிமா நான்கு ஆண்டுகள் காத்திருந்தது.

2011 மார்ச் 11ஆம் தேதி 9 அளவிலான நிலநடுக்கம் வந்ததும் ஃபுகுஷிமா தாய்ச்சி அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தானாகவே நின்றன. அதுவரை எல்லாம் வடிவமைத்தபடியே நடந்தது. ஆனால் அணு உலையை நிறுத்துவது வேறு, குளிர்விப்பது வேறு. தொடர்வினை நின்ற பிறகும், பிளவுண்ட அணுக்கருக்கள் சிதைந்துகொண்டே வெப்பம் தருகின்றன. ஓடும்போது 1,000 மெகாவாட் வெப்பம் தந்த உலை, நிறுத்திய நொடியில் ஏறக்குறைய 60 முதல் 70 மெகாவாட் தரும். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் மிஞ்சியிருக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுனாமி அவசரகால டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, தண்ணீர் நின்றது. எரிபொருள் கம்பிகளின் சிர்கோனியம் உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கியது. சுமார் 2,800 டிகிரி செல்சியஸில் உருகும் யுரேனியம் ஆக்சைடும் இளகி ஒழுகியது.

எவ்வளவு ஒழுகியது, எங்கே போய் நின்றது? மனிதன் எட்டிப்பார்த்தால் உயிர் போகும் கதிர்வீச்சு. அனுப்பிய ரோபோக்களில் சில திரும்பவில்லை. இந்த நிலையில்தான் எரிமலைக்காரர்களின் வழி நினைவுக்கு வந்தது. சுகுபா மலையை மியூவானால் படமெடுத்துக் காட்டிய கனேதாதா நகமினேயின் வழியில் வந்த ஜப்பானின் கே.இ.கே. முடுக்கி ஆய்வகக் குழுவினர், தோகாய் 2 அணு உலையைக் கட்டடத்துக்கு வெளியே, உலையிலிருந்து அறுபது மீட்டருக்கு மேல் தள்ளி நின்று படமெடுத்துச் சோதித்தார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகமோ, யுரேனியம் போன்ற கனமான அணுக்கருக்களின் அருகே மியூவானின் பாதை வளைவதை வைத்துப் படமெடுக்கும் இன்னொரு முறையை 2003இலேயே வெளியிட்டிருந்தது.

2015 பிப்ரவரியில் முதல் உலைக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் இரண்டு இடங்களில் கருவிகளை நிறுத்தினார்கள். தளத்தின் கதிர்வீச்சு குறுக்கிடாமல் இருக்கத் தடித்த இரும்புக் கவசம். உள்ளே பிளாஸ்டிக் ஒளிர்பட்டைகள். மியூவான் கடக்கும்போதெல்லாம் ஒரு மின்னல் துளி. வாரக்கணக்கில் எண்ணிச் சேர்த்ததும் நிழல் தெளிந்தது. மேல்தளத்தில் பயன்படுத்திய எரிபொருளைப் போட்டுவைத்த குளம் தெரிந்தது. அழுத்தக் கலனின் சுற்றுவடிவம் தெரிந்தது. எரிபொருள் இருக்க வேண்டிய நடுப்பகுதி வெறுமையாக இருந்தது. முதல் உலையின் எரிபொருள் ஏறத்தாழ முழுவதும் கீழே ஒழுகிவிட்டது என்பதற்கு அதுதான் நேரடிச் சான்று.

2016இல் இரண்டாம் உலையைப் பார்த்தபோது படம் வேறு மாதிரி இருந்தது. அங்கே பெரும்பகுதி அழுத்தக் கலனின் அடியிலேயே தங்கியிருந்தது. 2017இல் மூன்றாம் உலையில் நடுப்பகுதி கிட்டத்தட்டக் காலி. ஒரே வளாகம், ஒரே நாள், ஒரே சுனாமி. ஆனால் மூன்று உலைகளுக்கும் ஒரே முடிவு இல்லை. எந்த உலையில் எங்கே ரோபோவை நுழைப்பது, எதை முதலில் அள்ளுவது என்று திட்டமிட இந்த நிழற்படங்கள் உதவின. அதே ஆண்டு மூன்றாம் உலையின் நீருக்குள் நீந்திய ரோபோ, கலனுக்கு அடியில் உறைந்து தொங்கிய எரிகுழம்பை முதன்முதலாகக் கண்ணுக்குக் காட்டியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். அறிவும் கருவியும் விபத்துக்கு முன்பே ஆய்வகங்களில் இருந்தன. ஆனால் முதல் உலையின் படம் வர நான்கு ஆண்டுகள் ஆயின. பிரான்சில் மார்கூல் என்ற இடத்தில் மூடப்பட்ட ஜி2 உலையின் முப்பரிமாண மியூவான் படத்தை 2023இல் வெளியிட்டிருக்கிறார்கள், நல்ல நிலையில் உள்ள உலையையும் இப்படிச் சோதிக்கலாம் என்பதற்கு அது சாட்சி. உலகில் இயங்கும் நானூற்றுக்கும் மேற்பட்ட அணு உலைகளில் ஒன்றுக்கு நாளை ஏதாவது நேர்ந்தால், கருவியைத் தேடி ஓடும் நிலை வரக்கூடாது. தீயணைப்பு வண்டியைப் போல அது தயாராக நிற்க வேண்டும்.

ஏனெனில், இருக்குமிடம் தெரிந்த பிறகும் அள்ளுவது அவ்வளவு கடினம். மூன்று உலைகளிலும் சேர்த்து உருகி உறைந்த குவியல் சுமார் 880 டன் என்று டோக்கியோ மின் நிறுவனம் கணக்கிடுகிறது. தூண்டில் கழி போல நீளும் 22 மீட்டர் கருவியை இரண்டாம் உலைக்குள் செலுத்தி, 2024 நவம்பரில் முதல் துணுக்கை எடுத்தார்கள். எடை சுமார் 0.7 கிராம். 2025 ஏப்ரலில் இரண்டாவது துணுக்கு, சுமார் 0.2 கிராம். மூன்றாம் உலையிலிருந்து பெரிய அளவில் அள்ளும் வேலை 2037க்கு முன் தொடங்காது என்று அந்த நிறுவனம் 2025 ஜூலையில் அறிவித்தது.