வேலியோர இலைகளும் எங்கள் பிள்ளைகளின் உடல்நலமும்

சொந்தக் காணியில் இருந்த காலத்தில் கறிக்கு வேண்டிய இலையை வேலியிலும் கிணற்றடியிலும் பறித்துக்கொண்டோம். 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடம்விட்டு இடம் ஓடிய குடும்பங்களுக்கும் அந்த வேலியும் கிணற்றடியும் இல்லாமற் போயின. நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியன. இவை பசியைத் தீர்க்கும். வேலை செய்யச் சக்தி தரும். ஆனால் கண்ணுக்கும் இரத்தத்துக்கும் எலும்புக்கும் வேண்டிய சில சத்துக்கள் இவற்றில் மிகக் குறைவு. 2022 இல் சந்தையில் மரக்கறி விலை ஏறியபோதும் பல வீடுகளில் முதலில் குறைந்தது இலைக்கறியும் மரக்கறியுந்தான். பணம் கொடுக்காமல் இந்தக் குறையைப் பெருமளவு நிரப்பக்கூடியவை, நாம் களை என்று பிடுங்கி எறியும் இலைகளே.

எந்தச் சத்து, எதற்கு?

விற்றமின் ஏ குறைந்தால் பிள்ளைக்கு மாலைக்கண் வரும். பொழுதுபட்டதும் பிள்ளை தடுமாறி நடப்பது இதன் முதல் அறிகுறி. கவனியாது விட்டால் கருவிழி வறண்டு பார்வையே போகலாம். சின்னமுத்து, வயிற்றோட்டம் போன்ற நோய்களும் இப்பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்கும். கடும் பச்சை இலைகளில் உள்ள கரட்டீன் என்னும் பொருள் உடலில் விற்றமின் ஏ ஆக மாறுகிறது. வெள்ளை அரிசியில் இது இல்லை.

இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் இரத்தம் ஊறுவதற்குத் தேவை. இவை குறைந்தால் இரத்தச்சோகை உண்டாகும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

எலும்புக்கும் பல்லுக்கும் கல்சியம் வேண்டும். பசுப்பால் 100 கிராமில் சுமார் 120 மில்லிகிராம் கல்சியம் உண்டு. இந்திய உணவு அட்டவணைகளின்படி அதே அளவு முருங்கை இலையில் 300 முதல் 440 மில்லிகிராம் வரையும், அகத்தி இலையில் 900 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் கோவாவில் 50 மில்லிகிராம் அளவே உண்டு. இலையில் உள்ள கல்சியம் முழுவதும் உடலில் சேர்வதில்லை. ஆனாலும் பால் வாங்க வழியில்லாத வீட்டில் இது சிறிய உதவியல்ல.

எங்கள் சுற்றாடலில் உள்ளவை

முருங்கை: இலையைச் சிறிது தேங்காய்ப்பூவுடன் வறையாகவோ, பருப்புடனோ ஆக்கலாம். எல்லா வயதினருக்கும் ஏற்றது.

பொன்னாங்காணி, வல்லாரை: ஈரமான இடங்களில் தானாகவே படரும். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுவதால் விற்றமின் சி அழியாமற் கிடைக்கும்.

முசுட்டை, முசுமுசுக்கை, தூதுவளை, முடக்கொத்தான்: வேலியிலும் பற்றையிலும் படரும் கொடிகள். வறைக்கும் இலைக்கஞ்சிக்கும் உதவுவன. தூதுவளையின் முள்ளைக் கவனமாக நீக்க வேண்டும்.

குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, சாரணை: மாரி மழையோடு வெறுங்காணியில் முளைப்பவை. பூப்பதற்கு முன் இளந்தளிரை ஆய வேண்டும்.

குறிஞ்சா: கசப்பானது. நீரிழிவுக்காரர் விரும்பி உண்பர். அதற்காக வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தக்கூடாது.

சத்து வீணாகாமற் சமைத்தல்

இலையை முதலில் நன்றாகக் கழுவி, அதன் பின்பே அரிய வேண்டும். அரிந்தபின் கழுவினால் விற்றமின்களின் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். குறைந்த நீரில், சட்டியை மூடி, சிறிது நேரமே அவிக்க வேண்டும்.

சாரணை, முள்ளுக்கீரை, பசளி ஆகியவற்றில் ஒட்சாலிக் அமிலம் அதிகம். இது கல்சியத்தையும் இரும்பையும் உடலிற் சேரவிடாது தடுக்கும். ஆகவே இவற்றை மட்டும் கொதிநீரில் அவித்து அந்த நீரை வடித்துவிடுவது நல்லது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கரட்டீன் கொழுப்போடு சேர்ந்தே உடலில் ஊறும். வெறும் நீரில் அவித்த கீரையால் பயன் குறைவு. ஒரு கரண்டி எண்ணெயோ சிறிது தேங்காய்ப்பாலோ சேர்த்தால் போதும். அப்படிச் சேர்த்தும் இலையிலுள்ள கரட்டீனில் சுமார் 12 பங்கில் ஒரு பங்கே விற்றமின் ஏ ஆகிறது. ஆகவே கிழமைக்கு ஒருநாள் நிறையச் சாப்பிடுவதிலும் நாள்தோறும் ஒரு பிடி சாப்பிடுவதே சிறந்தது.

இலையிலுள்ள இரும்பும் சிறிதளவே உடலிற் சேரும். இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விட்டால், அல்லது சிறிது நெத்தலிக் கருவாடு சேர்த்தால் அது கூடும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குறையும். தேநீரை ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு முருங்கை இலையை மெதுவாக அவித்து, பருப்புச் சோற்றுடன் மசித்து, ஒரு துளி எண்ணெய் விட்டு ஊட்டலாம். ஆனால் குழந்தையின் வயிறு சிறியது. இலையில் சக்தியும் குறைவு. தண்ணியான இலைக்கஞ்சியால் மட்டும் அந்த வயிற்றை நிரப்பிவிடக் கூடாது. இலை சோற்றுக்கும் பருப்புக்கும் துணையே தவிர, அவற்றுக்குப் பதிலாகாது. அதுபோல, தாய்மாருக்குக் கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைக்கும் இது பதிலாகாது.

கோடைக்குச் சேமித்தல்

மாரியில் மலிந்த முருங்கை இலையை நிழலில், காற்றுப்படும் இடத்தில் உலர்த்தி இடித்து, இறுக்கமாக மூடிய போத்தலில் வைக்கலாம். வெயிலில் காயப்போட்டால் கரட்டீன் அழியும். ஒரு கரண்டி தூளைக் கஞ்சியிலோ பருப்பிலோ போடலாம்.

அவதானம் தேவை

பெரியவர்கள் நன்கறிந்த இலையையே ஆய வேண்டும். ஊமத்தை, கார்த்திகைப்பூக் கொடி போன்றவை உயிருக்கே ஆபத்தானவை. அறியாத இலையைச் சிறிது தின்று பரிசோதிப்பது கூடாது. புதிய இடத்தில் குடியேறியவர்கள் அந்த ஊர் மூத்த பெண்களிடம் கேட்டறிவது நன்று.

மருந்து தெளித்த வயல் வரம்பிலும், மலசலகூடக் கழிவுநீர் ஓடும் இடத்திலும் இலை பறிக்க வேண்டாம். மிதிவெடி அபாயம் எனக் குறியிட்ட பகுதிக்குள்ளும், இன்னும் துப்புரவு செய்யப்படாத பற்றைக்குள்ளும் ஒரு பிடி கீரைக்காகக் காலடி வைக்க வேண்டாம். பிள்ளைகளைத் தனியே அனுப்பவும் வேண்டாம்.

குடிசை ஓரத்தில் நடுவோம்

இதற்கு மேலான பாதுகாப்பு, இலை எங்கள் வாசலிலேயே நிற்பதுதான். ஒரு முருங்கைத் தடி, வேலியோரம் நாலு அகத்தி விதை, தண்ணீர் அள்ளும் இடத்தில் ஒரு பிடி பொன்னாங்காணித் தண்டு ஆகியவற்றுக்குப் பெரிய காணி வேண்டியதில்லை. அகத்தி ஆட்டுக்கும் குழையாகும், மண்ணுக்கும் பசளையாகும். நாளை ஊர் திரும்பினாலும் முருங்கைத் தடியையும் பொன்னாங்காணித் தண்டையும் வெட்டிக் கொண்டுபோகலாம். "இது இல்லாதவன் சாப்பாடு" என்று வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. நகரச் சந்தையில் இதே வல்லாரையையும் பொன்னாங்காணியையும் பிடி பிடியாகக் கட்டி விலைக்கு விற்கிறார்கள். இந்த மாரி மழையோடு முதல் தடியை ஊன்றுங்கள்.