கடைசி வரிசையின் விலை

2020 டிசம்பர் 2 அன்று கான்பராவில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டியில் தங்கராசு நடராஜன் இந்திய அணிக்காகக் களமிறங்கினார். 4-ஆம் தேதி அதே மைதானத்தில் இருபது ஓவர் போட்டி. 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே. அவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். ஆகவே சேலத்துக்கு இந்தப் பக்கம் பனமரத்துப்பட்டியில் இருக்கும் எங்களுக்கும் அது வீட்டுச் செய்தியாகவே இருந்தது.

அப்போது எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை அவருடைய விடாமுயற்சியைப் பற்றியவை. விடாமுயற்சி உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால், பொருளியல் கற்பித்தே காலம் கழித்த எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது: இத்தனை திறனுள்ள ஒருவரைத் தேர்வு முறை 29 வயதுவரை எப்படித் தவறவிட்டது?

விடையின் ஒரு பகுதி, எங்கள் துறையில் 'தேடல் செலவு' என்று சொல்லப்படுவதில் இருக்கிறது. நல்ல பொருள் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பணமும் நேரமும் வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது? தந்தை நெசவுத் தொழிலாளி, தாய் சாலையோரம் கோழி இறைச்சிக் கடை நடத்தியவர். நடராஜன் ஏறத்தாழ இருபது வயதுவரை ஆடியது டென்னிஸ் பந்தில். முறையான பந்தில் அவர் வீசுவதைத் தேர்வாளர் எவரும் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. உள்ளூரில் வழிகாட்டியாக இருந்த ஜெயப்பிரகாஷ் என்பவர்தான் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். நான்காம் பிரிவு லீக்கில் தொடங்கி, முதல் பிரிவுக்கு உயர்ந்து, 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம். தேடல் செலவை வாரியமோ அணிகளோ ஏற்கவில்லை. ஒரு தனிமனிதர் ஏற்றார். பின்னாளில் நடராஜன் தம் சட்டையில் அவருடைய முதலெழுத்துகளைப் பொறித்துக்கொண்டது இந்தக் கணக்கை அவர் நன்றாகவே அறிந்திருந்ததைக் காட்டுகிறது.

முதல் ரஞ்சி ஆட்டத்துக்குப் பிறகு அவர் பந்துவீசும் முறை குறித்து ஐயம் எழுப்பப்பட்டது. அதைத் திருத்திக்கொண்டு அவர் திரும்பி வர ஏறத்தாழ ஓராண்டு ஆனது. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் வீசிய யார்க்கர்கள் ஐபிஎல் அணிகளின் கண்ணில் பட்டன. 2017 ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டங்கள், இரண்டு விக்கெட்டுகள். அடுத்த ஆண்டு ஏலத்தில் ஹைதராபாத் அணி எடுத்த விலை 40 லட்சம். அதே தோள், அதே யார்க்கர். பன்னிரண்டு மாதங்களில் விலை ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆறு ஆட்டங்களை வைத்து ஒரு பந்துவீச்சாளரின் தரத்தை அளப்பது புள்ளியியல் படித்த எவரும் செய்யத் தயங்கும் செயல். ஏலக்கூடத்தில் அது ஆண்டுதோறும் நடக்கிறது.

இதுபோன்ற பிழை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கால்பந்தில் 32 அணிகள் கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. பயிற்சி முகாமுக்கு ஓர் அணி 90 பேரை அழைத்து, பருவம் தொடங்கும்முன் 53 பேராகக் குறைக்கும். நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மேசியும் இத்தேர்வு முறையை ஆராய்ந்து, முதல் வரிசை இளைஞர்களுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை தருகின்றன என்று நிறுவினர். எதிரணியைத் தடுத்து நிறுத்தும் முன்வரிசைத் தாக்குதல் வீரரின் நிலை இன்னும் கடினம். அவர் பெயரில் புள்ளி எதுவும் அநேகமாக ஏறுவதில்லை. அப்படிப்பட்டவரான ஜேசன் கெல்சி 2011-இல் ஆறாம் சுற்றில் 191-ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, ஃபிலடெல்ஃபியா அணிக்கு 13 பருவங்கள் ஆடினார். அங்கே ஒரு வசதி உண்டு: 53-இல் இடம் கிடைக்காதவர்களில் சிலரை அணிகள் வார ஊதியத்தில் பயிற்சிக் குழுவில் வைத்துக்கொள்கின்றன. காத்திருப்பதற்கும் கூலி இருக்கிறது.

நம் ஊரில் அந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பவர் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளர். மட்டையாளர்கள் பழகுவதற்காகப் பந்து வீசுவது அவர் வேலை. அணிப் பட்டியலில் அவர் இல்லை. ஹைதராபாத் அணியில் 2018, 2019 ஆகிய இரு பருவங்களும் நடராஜன் வெளியிலேயே அமர்ந்திருந்தார். 2020-இல் 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள் எடுத்த பிறகும் ஆஸ்திரேலியாவுக்கு அவர் சென்றது வலைப்பந்துவீச்சாளராகத்தான்.

பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. சாதாரண ஆண்டாக இருந்திருந்தால், வலையில் வீசுவதற்கு ஆஸ்திரேலியாவிலேயே ஆட்களைப் பிடித்திருப்பார்கள். கொரோனாத் தனிமைப்படுத்தலால் இந்தியாவிலிருந்து கூடுதலாக நான்கு பந்துவீச்சாளர்களை உடன் அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. அதே காரணத்தால், எவரேனும் காயமடைந்தால் ஊரிலிருந்து மாற்று வீரரை உடனே வரவழைக்கவும் இயலாது. தோள் காயத்தால் வருண் சக்ரவர்த்தி விலகியபோது இருபது ஓவர் அணியில் இடம் பிறந்தது. நவ்தீப் சைனிக்குக் காப்பாக ஒருநாள் அணியிலும் சேர்க்கப்பட்டார். பிரிஸ்பேன் டெஸ்ட்டுக்கு பும்ராவும் அஸ்வினும் ஆட இயலாத நிலை. ஒரு பெருந்தொற்றும் அடுத்தடுத்துக் காயங்களும் கூடி வந்த பிறகே சின்னப்பம்பட்டிக்குக் கதவு திறந்தது. அந்த மூன்று இருபது ஓவர் ஆட்டங்களில் அவர் ஆறு விக்கெட்டுகள் எடுத்தார். தொடர் நாயகன் விருதை வாங்கிய ஹர்திக் பாண்டியா அதை நடராஜன் கையில் கொடுத்தார்.

நடராஜனைத் தெரிந்துகொண்டோம். தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர்? என் மாணவர்களில் ஒருவர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். மூன்று ஆண்டுகள் மாவட்டத் தேர்வுகளுக்கு அலைந்தார். ஒவ்வொரு முறையும் கூடுதல் வீரர் பட்டியலில் பெயர் இருக்கும், ஆட்டம் இருக்காது. வீட்டில் தங்கைக்குத் திருமணம் நிச்சயமானதும் விசைத்தறிப் பட்டறையில் கணக்கெழுதப் போய்விட்டார். அவர் இந்திய அணிக்கு ஆடியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆடியிருப்பாரா என்பதை அறியும் வழி இருபத்திரண்டு வயதிலேயே மூடப்பட்டுவிட்டது என்கிறேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இருபத்தாறு வரை காத்திருக்கலாம். அந்த நான்கு ஆண்டுகளே பல நேரங்களில் தேர்வை முடிவு செய்கின்றன.

கணக்கைப் பாருங்கள். பத்து ஐபிஎல் அணிகளும் 25 பேர் வீதம் நிரப்பி, அயல்நாட்டவர் எட்டுப் பேரைக் கழித்தால் இந்தியர்களுக்கு 170 இடங்கள். ரஞ்சியில் ஆடுவதோ 38 அணிகள். 2021-இல் வாரியம் உள்ளூர் ஊதியத்தை உயர்த்தியபோது, 20 ஆட்டங்கள் வரை ஆடியவருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய் என்றும், களமிறங்காத கூடுதல் வீரருக்கு அதில் பாதி என்றும் வகுத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால், அது ஆட்ட நாள்களுக்கு மட்டுமே. மாநில அணிப் பட்டியலுக்கு வெளியே நிற்பவருக்கு அதுவும் இல்லை. பெரும்பாலானோர் கைவிடுவது அந்தப் படிக்கட்டில்தான். மாவட்டத்துக்குப் பத்துப் பேருக்கு, மூன்று ஆண்டுகளுக்கு, ஒரு தறித் தொழிலாளியின் மாத வருமானத்துக்கு இணையான உதவித்தொகை வழங்கினால் ஆகும் செலவு, ஏலத்தில் நடுத்தர வீரர் ஒருவருக்குத் தரப்படும் விலையைத் தாண்டுமா என்பதைச் சங்கங்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

உள்ளே நுழைந்தவருக்கும் இடம் உறுதியில்லை. 2021 மார்ச் 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன்களைக் காத்துக் கொடுத்தார் நடராஜன். இந்தியா 7 ரன்களில் வென்றது. அடுத்த மாதம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அதன்பின் இந்திய அணிக்கு அவர் ஆடவில்லை. 2024 ஐபிஎல் பருவத்தில் 19 விக்கெட்டுகள் எடுக்க, அடுத்த ஏலத்தில் டெல்லி அணி 10.75 கோடிக்கு வாங்கியது; ஆனால் 2025 பருவத்தில் அவர் ஆடியது மிகச் சில ஆட்டங்களே. இடையே 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் தம் பெயரில் ஒரு கிரிக்கெட் மைதானத்தை அமைத்துத் திறந்தார். இங்கே பனமரத்துப்பட்டியில் மாலை வேளைகளில் பையன்கள் இன்னும் டென்னிஸ் பந்தில்தான் யார்க்கர் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.