ஹெட்செட் வியாபாரம்: ஒரே விலைச் சரக்கில் எதை எடுப்பது?

மளிகைக் கடைக்கும் ஹெட்செட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. ஷாம்பு சரமும் ஊறுகாய் சரமும் தொங்குகிற அதே கம்பியில் இன்று இயர்போன் பாக்கெட்டும் தொங்குகிறது. செல்போன் கடை இல்லாத ஊர் உண்டு. செல்போன் இல்லாத வீடு அரிது. இரவு எட்டு மணிக்கு ஒயர் அறுந்து போனால் மக்கள் தேடி வருவது நம் கடைக்குத்தான். விற்றால் லாபம் தரும் சரக்கு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் திரும்பி வந்தால் போட்ட முதல் முழுவதும் போய்விடும் சரக்கும் இதுவே. நமுத்துப் போன பிஸ்கட்டைக் கம்பெனி வண்டியில் திருப்பி அனுப்பலாம். ஒருவர் காதில் செருகிய ஹெட்செட்டை இன்னொருவருக்கு எப்படி விற்பது?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில், நமக்குப் பழக்கமான மளிகைக் கடை ஒன்றில் நாம் கண்ட காட்சிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கூரம் என்றால் காதால் கேட்பதற்குப் பெயர் பெற்ற ஊர் என்றே சொல்லலாம். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் இவ்வூர் சிவன் கோயிலுக்கு அளித்த செப்பேட்டில், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று தனியாக ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறான். ஊரே கூடி உட்கார்ந்து கேட்பதற்கு அரசன் செய்த ஏற்பாடு அது. இவ்வூர்ச் செல்வரான கூரத்தாழ்வானின் மாளிகைக் கதவை இரவில் சாத்தும் ஓசை காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் வரை கேட்டது என்று வைணவப் பெரியோர் சொல்லுவார்கள். இன்றோ அவரவர் காதுக்குள் அவரவருக்கு ஒரு பாட்டு! பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்பதில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

நாம் கடையில் உட்கார்ந்திருந்தபோது கல்லூரி மாணவன் ஒருவன் கையில் ஹெட்செட்டோடு வந்தான். “அண்ணே, பஸ்ல போட்டா பாட்டே கேக்கலண்ணே. ஃபுல் சவுண்டு வெச்சா காது வலிக்குது” என்றான். அவனுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நெசவு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். “ஏம்பா, நீ குடுத்தது காதை அடைச்சிக்குது. பேத்தி கூப்பிட்டாக்கூட காதுல விழல. ஒயரும் டி.வி.யிலேர்ந்து கட்டிலுக்கு எட்டல. வீட்ல நாந்தான் திட்டு வாங்குறேன்” என்றார்.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறப் பெட்டி, ஒரே 150 ரூபாய். கடைக்காரர் கம்பியிலிருந்து கைக்கு வந்ததை உருவிக் கொடுத்திருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மாணவனுக்குப் போனது ரப்பர் இல்லாத வகை. அது காது மடலின் குழியில் சும்மா உட்காரும். பெரியவருக்குப் போனது ரப்பர் வைத்த வகை, காதின் துளைக்குள் செருகி அடைத்துக்கொள்வது. இடம் மாறிப் போயிருந்தால் இருவரும் சந்தோஷமாக இருந்திருப்பார்கள். இரண்டுமே காதில் போட்டுப் பார்த்தவை என்பதால் மாற்றிக் கொடுக்கவும் வழியில்லை. நல்ல மனிதர், புதிதாக இரண்டை எடுத்துக் கொடுத்தார். அன்றைய ஹெட்செட் லாபம் அத்தோடு சரி.

ரப்பர் வைத்தது வெளிச் சத்தத்தைத் தடுக்கும். பஸ் இரைச்சலிலும் கம்பெனி வேன் பயணத்திலும் பாதி சத்தத்திலேயே பாட்டு தெளிவாக விழும். ரப்பர் இல்லாதது வெளிச் சத்தத்தை உள்ளே விடும். பஸ்ஸில் அதைப் போட்டவர், இரைச்சலை ஜெயிப்பதற்காகச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார். வீட்டிலோ நேர்மாறு. அங்கே குக்கர் விசில் கேட்க வேண்டும், வாசலில் யாராவது கூப்பிட்டால் தெரிய வேண்டும், குழந்தை அழுதால் எழ வேண்டும். ஆகவே “எங்கே போட்டுக் கேட்கப் போறீங்க?” என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் பாக்கெட்டைக் கம்பியிலிருந்து எடுக்கக் கூடாது என்பது நம் கருத்து. விலையையும் நிறத்தையும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

“பாஸ் வரலை” என்று திரும்பி வரும் சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரப்பர் வகையில் காதுத் துளை முழுவதும் அடைபட்டால்தான் கனத்த ஓசை நிற்கும். இடுக்கு இருந்தால் அது கசிந்துபோய் பாட்டு தகரம் தட்டியதுபோல் கேட்கும். இது ஹெட்செட்டின் குற்றமல்ல, ரப்பர் அளவின் குற்றம். பாக்கெட்டுக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ஜோடி ரப்பர் இருந்தால் அதைக் கட்டாயம் காட்டி, மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு சேர வேண்டும் என்ற சட்டமும் இல்லை. ஒரே விலையில் இரண்டு சரக்கு வந்தால், மூன்று ஜோடி ரப்பர் உள்ளதையே நாம் எடுப்போம். அந்த நாலு ரூபாய் ரப்பர் நம்முடைய 150 ரூபாயைக் காப்பாற்றும்.

பெட்டி மேல் அச்சடித்திருக்கும் எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். 10 மி.மீ., 12 மி.மீ. என்று போட்டிருப்பது உள்ளே ஒலி எழுப்பும் வட்டத்தின் அளவு. பெரிய வட்டம் என்பதனாலேயே நல்ல ஓசை வந்துவிடாது. பெரிய பாத்திரத்தில் செய்தால் சாம்பார் ருசிக்கும் என்பதுபோல ஆகிவிடும். 5 முதல் 24,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். மனிதக் காது கேட்பதே சுமார் 20 முதல் 20,000 வரைதான். வயதாக ஆக அந்த மேல் எல்லையும் இறங்கிவிடும். ‘எக்ஸ்ட்ரா பாஸ்’ என்ற சொல்லுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. கொஞ்சமாவது உபயோகமானது ‘டெசிபல்’ என்று போட்டிருக்கும் உணர்திறன் எண். அது கூடுதலாக இருந்தால் அதே போனில் சற்று உரக்கக் கேட்கும். அதையும் கம்பெனிக்கு ஒரு விதமாக அளக்கிறார்கள் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? மொத்தக் கடையில் ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரிக்க மறுப்பவரிடம் ஒரு டஜன்கூட எடுக்க வேண்டாம். உங்கள் போனில் செருகி முதலில் பாட்டு போடாதீர்கள், ஒருவர் செய்தி வாசிப்பதைப் போடுங்கள். குரல் தலையின் நடுவில் கேட்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒரு காது பலவீனம் என்று பொருள். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வெறுமையாக இருந்தால் ஒயரைத் தலைகீழாகப் பற்றவைத்திருக்கிறார்கள். பிறகு பாட்டைப் போட்டு, பின்னுக்குப் பக்கத்தில் ஒயரை லேசாக வளையுங்கள். கரகரப்பு வந்தாலோ ஒரு பக்கம் நின்றாலோ கீழே வைத்துவிடுங்கள். ஹெட்செட் பெரும்பாலும் சாவது அந்த இடத்தில்தான். பின் ‘எல்’ வடிவில் வளைந்திருப்பது, சட்டைப் பையில் போனை வைப்பவருக்கு நல்லது. கடைசியாக ஒரு போன் போட்டுப் பேசிப் பாருங்கள். நம் வாடிக்கையாளரில் பலர் பாட்டைவிடப் பேச்சுக்குத்தான் வாங்குகிறார்கள்.

இந்தப் புத்தி நமக்கும் தானாக வந்ததல்ல. சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு மொத்தக் கடையில், பில் இல்லாமல், பெயர் பெற்ற கம்பெனியின் முத்திரை போட்ட சரக்கை ஆசைப்பட்டுப் பெட்டியோடு எடுத்து வந்தோம். அசல் விலையில் கால் பங்குக்குக் கிடைக்கிறதே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. அதைவிட, வருடக்கணக்காகக் கணக்கு வைத்து அரிசி வாங்கிய ஒரு வீட்டார் ‘டூப்ளிகேட் விக்கிறாங்க’ என்று சொல்லி நம்மிடம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஹெட்செட்டில் போனது சில ஆயிரம், அரிசியில் போனதற்குக் கணக்கு இல்லை.

போலி முத்திரைச் சரக்கை விற்பது 1999ஆம் வருட வர்த்தக முத்திரைச் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. ‘நான் வாங்கித்தானே விற்றேன்’ என்று தப்பிக்க வேண்டுமானால், நல்லெண்ணத்தோடு வாங்கியதையும் யாரிடம் வாங்கினோம் என்பதையும் காட்ட வேண்டும். அதற்குப் பில் வேண்டும். பாக்கெட்டில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், மாதம், வருடம், அதிகபட்ச விலை, புகார் சொல்லும் எண், எந்த நாட்டுச் சரக்கு என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். 2011ஆம் வருடப் பாக்கெட் பொருள் விதிகளின்படி இவை இருக்க வேண்டும். எடையளவு அதிகாரி கடைக்கு வந்தால் கம்பியில் தொங்குவதையும் பார்ப்பார். ஒயர் இல்லாத வகைக்கு இன்னொன்றும் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் அதைக் கட்டாயம் பதிவு செய்திருக்க வேண்டும். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணை அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று தெரிந்துவிடும். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பதால் பில்லோடு வாங்கத் தயங்குகிறோம். வழக்கமான கணக்கில் இருப்பவருக்கு அந்த வரி வரவாகத் திரும்பும். தொகுப்புத் திட்டத்தில் இருப்பவருக்குத் திரும்பாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பில்லோடு வாங்குங்கள்.

பின் சமாச்சாரம் இப்போது பெரிய தலைவலி. வட்டத் துளை இல்லாத போன்கள் பெருகிவிட்டன. 2016இல் ஐபோன் 7இல் அந்தத் துளையை எடுத்தார்கள், பிறகு மற்றவர்களும் எடுத்தார்கள். ‘டைப்-சி’ துளையில் செருகும் கனெக்டர் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டால், அது சில போனில் பாடும், சில போனில் ஊமையாக இருக்கும். காரணம், சில போன்கள் அந்தத் துளை வழியாக நேரடியாகப் பாட்டை அனுப்புவதில்லை. கனெக்டருக்குள் சிறு சிப் இருந்து பாட்டாக மாற்றிக் கொடுத்தால்தான் கேட்கும். சிப் உள்ளது விலை கூட. எனவே வாடிக்கையாளரின் போனிலேயே செருகிப் பார்த்துவிட்டுப் பணம் வாங்குவதே மரியாதை.

பெரியவரின் டி.வி. கதையை மறக்கவில்லை. பேத்தி படிக்கும்போது சத்தமில்லாமல் டி.வி. பார்க்க வேண்டும் என்பது இன்று பல வீடுகளில் உள்ள தேவை. சாதாரண ஹெட்செட் ஒயர் 1.2 மீட்டர்தான். அதைப் போட்டுக்கொண்டால் டி.வி.யின் மடியில் உட்கார வேண்டியதுதான். 3 மீட்டர் நீட்டிப்பு ஒயர் ஒன்றை ரப்பர் இல்லாத வகையோடு சேர்த்துக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. டி.வி.யின் பின்பக்கம் வட்டத் துளை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவரச் சொல்லுங்கள், எல்லா டி.வி.யிலும் இருப்பதில்லை. ஒயர் இல்லாத ‘பட்ஸ்’ வாங்கிக் கொடுக்கலாமே என்று பிள்ளைகள் சொல்வார்கள். பழைய டி.வி.யில் புளூடூத் கிடையாது. இருந்தாலும் சிலவற்றில் வாய் அசைந்து சற்று நேரம் கழித்தே வசனம் வரும். சார்ஜ் போட மறந்தால் அதுவும் இல்லை. அறுபதைத் தாண்டியவருக்கு ஒயர்தான் சௌகரியம் என்று நாம் நினைக்கிறோம். பயணம் செய்யும் இளைஞருக்குக் கழுத்தில் கிடக்கும் ‘நெக்பேண்ட்’ நல்லது. பட்ஸ் போல ஒன்று பஸ்ஸில் விழுந்து தொலையாது.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 ஆகிவிட்டால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. பத்து எண் ஏறியதும் நேரம் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லூரிக்கு தினம் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் முழுச் சத்தத்தோடு போகிற பையன், எல்லையை இரண்டு மூன்று நாளில் தாண்டிவிடுவான். கெட்டுப் போன காது நரம்பு மறுபடி முளைப்பதில்லை. அவனுக்கு ரப்பர் வகையைக் கொடுத்துச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வது வியாபாரத்துக்கு மீறிய உபகாரம்தான். ஆனால் வண்டி ஓட்டும்போது அதே ரப்பர் வகையைப் போட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்; பின்னால் வரும் லாரி ஹாரன் காதில் விழாது.

போன மாதம் மறுபடி கூரம் போயிருந்தோம். நம் நண்பர் கடையில் ஒரு கம்பி இரண்டாகியிருந்தது. ஒன்றில் ‘பஸ்ஸுக்கு’ என்றும் மற்றதில் ‘வீட்டுக்கு’ என்றும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில், மிட்டாய் பாட்டில் மாதிரி ஒன்றில், மூன்று அளவிலும் ரப்பர் ஜோடிகள். ஜோடி ஐந்து ரூபாய். அந்தப் பாட்டில்தான் வேகமாகக் காலியாகிறது என்றார்.