கிளாப் எதற்கு அடிக்கிறார்கள்?

தென்னேரி ஏரிக்கரையில் நின்றுகொண்டு, தூரத்தில் ஒருவர் கல்லில் துணி துவைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? துணி கல்லில் விழுந்து, மறுபடி மேலே எழும்போதுதான் ‘தப்’ என்ற சத்தம் நம் காதுக்கு வந்து சேரும். ஒளி அந்தத் தூரத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். ஒலியோ ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும்.

இந்த வேகக் கணக்கோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் சினிமாக்காரர்கள்.

படப்பிடிப்பில் காட்சியைப் பிடிப்பது ஒளிப்பதிவாளரின் கேமரா. வசனத்தை ஒலிப்பதிவாளர் வேறொரு கருவியில் பதிவு செய்கிறார். நீளமான கம்பின் நுனியில் மைக்கை மாட்டி, படத்துக்குள் விழாமல் நடிகரின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பவர் பூம் மேன். கை கடுக்கும்; ஆனால் அசையக்கூடாது.

படம் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடா என்று ஓட்டி, இழைக்கு இழை கோத்துக்கொண்டே போகிறார்களே, அதுபோல இவை இரண்டையும் பிசகாமல் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் கிளாப்.

உதவி இயக்குநர் ஒருவர் பலகையோடு கேமரா முன் ஓடி வருவார். காட்சி எண், ஷாட் எண், எத்தனையாவது டேக் என்று அதில் எழுதியிருக்கும். அதை உரக்கச் சொல்லிவிட்டு, மேலுள்ள கட்டையை ‘டக்’கென்று அடிப்பார். பிறகு படத்தொகுப்பாளர் கணினியில் இரண்டைத் தேடுவார்: கட்டைகள் ஒட்டிய அந்த ஒரு ஃபிரேம், ஒலிக்கோட்டில் ஊசிபோல எழும்பிய அந்த ஒரு முனை. ஒன்றுக்கு நேராக மற்றொன்றை வைத்தால், அந்த ஷாட் முழுக்க உதடும் வசனமும் பொருந்திவிடும். ஆரம்பத்தில் அடிக்க முடியாமல் போனால் ஷாட் முடிவில் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைக்கும் சின்ன வேலை என்று இதைச் சிலர் இளக்காரமாக நினைப்பதுண்டு. எனக்கென்னவோ, அந்த ‘டக்’ இல்லாத நாளில்தான் அதன் அருமை தெரியும் என்று தோன்றுகிறது.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள். ஒரு ஃபிரேம் நிற்கும் நேரத்தில் ஒலி ஓடும் தூரம் ஏறக்குறைய 14 மீட்டர். ஓரிரு ஃபிரேம் பிசகினால் என்ன என்கிறீர்களா? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. சத்தம் படத்தை முந்தினால் நாம் சட்டென்று கண்டுபிடித்துவிடுவோம். பிந்தினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம். துவைக்கும் சத்தம் எப்போதும் பிந்தித்தானே வருகிறது! இயற்கையில் முந்தி வந்த சத்தத்தை நம் மூளை கேட்டதே இல்லை.

தறி ஓடும் வீட்டில் ஒரு காட்சி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தறிச் சத்தத்தில் வசனம் அமுங்கிவிடும். அதனால் தறியின் ஓசையைத் தனியாகப் பதிவு செய்து, பிறகு வேண்டிய அளவுக்குச் சேர்ப்பார்கள். காலடி, பட்டுச் சரசரப்பு, கதவின் கிரீச் போன்றவற்றை ஒலிக்கூடத்தில் திரையைப் பார்த்தபடியே உண்டாக்குகிறவர் ஃபோலி கலைஞர். ஹாலிவுட்டில் இந்த வித்தையை வளர்த்த ஜாக் ஃபோலியின் பெயரே வேலைக்கும் நிலைத்துவிட்டது.

காஞ்சிபுரம் பட்டு நெசவாளரின் கதையைச் சொன்ன ‘காஞ்சிவரம்’, 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. இயக்கியவர் பிரியதர்ஷன், ஒளிப்பதிவு செய்தவர் திரு என்பவர். நெசவாளராக நடித்த பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருது. அந்தப் படத்தைப் பார்க்க வாய்த்தால், பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். ஒலிப் பிரிவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பள்ளி மைதானத்தில் நண்பனை 70 மீட்டர் தள்ளி நிறுத்தி, இரண்டு மரக்கட்டைகளைத் தட்டச் சொல்லி மொபைலில் படம் பிடியுங்கள். பெரும்பாலான மொபைல்கள் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும். எடிட்டிங் செயலியில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால், கட்டைகள் ஒட்டி ஏறத்தாழ 6 ஃபிரேம் கழித்துத்தான் ஒலிக்கோடு எழும்பும். நண்பன் நெருங்க நெருங்க அந்த எண் குறைகிறதா?