ஒரே பக்கமா அடி

டிசம்பர் இருபது தாண்டினால் எங்கள் தூத்துக்குடி வீட்டு அடுக்களையில் விடியக்காலை நாலு மணிக்கே விளக்கு எரியும். ஆச்சி தரையில் கோணியை விரித்து உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவே பெரிய எனாமல் சட்டியை இறுக்கிக்கொள்வாள். சட்டிக்குள் ஒரு பவுண்டு வெண்ணெய், பொடித்த சீனி ஒரு பவுண்டு. கையில் மரக்கரண்டி. "ஏட்டி, ஒரே பக்கமா அடி. மாத்திச் சுத்தினா முறிஞ்சிரும்" என்பாள். கை ஓய்ந்தவள் கரண்டியைப் பக்கத்தில் இருப்பவளிடம் நீட்டுவாள். அம்மா, பெரியம்மா, சித்தி, எதிர்வீட்டு அக்கா என்று ஒரு சுற்றுப் போய்க் கரண்டி திரும்ப ஆச்சியிடம் வரும்போது கிழக்கு வெளுத்திருக்கும். அந்த வட்டத்தில் ஆம்பளைகள் உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகமில்லை. கேக் வெந்து மணம் கிளம்பியதும் வந்துவிடுவார்கள்.

இன்றைக்கு அந்த வேலையைச் செய்கிற ஸ்டாண்ட் மிக்சர் என் படுக்கையறையில், பீரோவுக்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு மேசைமேல் நிற்கிறது. படுக்கையறையில் எதற்கு என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்டாகிவிட்டது. ஏசி அங்கேதானே இருக்கிறது! சீனியோடு சேர்ந்து காற்றைப் பிடிக்க வெண்ணெய் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரைக்குள் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழிய வேண்டும், பளபளக்கக் கூடாது. எங்கள் ஊர் அடுக்களையில் பகல் பொழுதில் வெண்ணெயை வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய்தான். ஆச்சியிடம் தெர்மாமீட்டர் கிடையாது. மார்கழிக் கருக்கலைத் தேடி அவள் எழுந்ததற்குக் காரணம் பக்தி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மிஷின் வாங்கி மூன்று கேக் எண்ணெய் கக்கிய பிறகுதான், அந்த நாலு மணி அவளுடைய ஏசி என்று புரிந்தது.

அப்படி என்னதான் நடக்கிறது அந்தச் சட்டிக்குள்? சீனி மணிகளின் கூரான முனைகள் வெண்ணெயைக் கீறிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு கீறலிலும் துளித்துளியாகக் காற்று மாட்டிக்கொள்கிறது. மஞ்சளாக இருந்த வெண்ணெய் வெளுப்பது அதனால்தான். நம்மூர்ச் சீனி பெருமணி என்பதால் பொடிக்கத்தான் வேண்டும். மாவாகப் பொடித்துவிட்டாலோ கீறுவதற்கு முனை இருக்காது. பேக்கிங் பவுடர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. ஏற்கனவே இருக்கிற குமிழியை அது ஊதிப் பெரிதாக்கும், அவ்வளவே. புதுக் குமிழியை அது உண்டாக்காது. ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேயர் 1843-ல் அந்தப் பவுடரைக் கண்டுபிடிக்கும்வரை பவுண்டு கேக்கை எழுப்பியது முட்டையும் முழங்கையும்தான். 1747-ல் லண்டனில் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் புத்தகம், இந்தக் கலவையை ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்கிறது. வெண்ணெயை ஒரே பக்கமாக அடிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது! ஆச்சி அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தவளல்ல.

வேடிக்கை என்னவென்றால், மிஷின் செய்கிற முதல் காரியமே இந்த விதியை மீறுவதுதான். பீட்டர் என்கிற அதன் அடிக்கும் துடுப்பு தன் அச்சில் ஒரு பக்கம் சுழல்கிறது. அதைப் பிடித்திருக்கும் தலை எதிர்ப்பக்கமாகக் கிண்ணத்தைச் சுற்றி வருகிறது. கிரகங்கள் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவது மாதிரி. கிண்ணம் அசையாமல் கிடக்கிறது. அம்மா முதல் தடவை பார்த்தபோது, "ரெண்டு பக்கமும்லா சுத்துது, முறியலையே!" என்றாள். எந்தப் பக்கம் சுற்றினாலும் முறியாது என்பதே நிஜம். முட்டையை மளமளவென்று ஊற்றினால் முறியும், குளிர்ந்த முட்டையை ஊற்றினால் முறியும். ஒரு கரண்டி மைதாவைத் தூவினால் கூடிவிடும்.

மிஷினை வைத்து அடிக்கிற யோசனை வீட்டு அடுக்களையில் பிறந்ததல்ல. 1908-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஹோபார்ட் கம்பெனியின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், பேக்கரிக்காரர் ஒருவர் இரும்புக் கரண்டியால் ரொட்டி மாவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து வந்தது 80 குவார்ட், அதாவது சுமார் 75 லிட்டர் பிடிக்கும் ராட்சத மிக்சர். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் அடுக்களைக்கு அது போனது. வீட்டுக்கென்று கிச்சன்எய்டு என்ற பெயரில் எச்-5 மாடல் 1919-ல் வந்தபோது விலை 189 டாலர் 50 சென்ட். எடை 65 பவுண்டு, ஏறக்குறைய 29 கிலோ. அதைத் தூக்கி மேசைமேல் வைக்க இரண்டு பேர் வேண்டும். கடைக்காரர்கள் தயங்கவே, பெண் விற்பனையாளர்கள் வீடுவீடாகப் போய் மாவு பிசைந்து காட்டி விற்றார்கள். இன்று நாம் காண்கிற அந்த வழுவழுப்பான உருவத்தை 1937-ல் எக்மான்ட் ஆரென்ஸ் வரைந்து கொடுத்தார். பிரிட்டனில் கென்னத் வுட்டின் கென்வுட் செஃப் 1950-ல் வந்தது. மோட்டார் ஒன்று, அதன் மூக்கில் மாட்ட உருப்படிகள் பல என்ற இந்த மிஷின்களின் கணக்கு நமக்கும் புதிதல்ல. கோயம்புத்தூர் கிரைண்டரோடு தேங்காய்த் துருவியும் சப்பாத்தி மாவு பிசையும் கருவியும் சேர்த்து விற்பதும் இதே புத்திதான்.

கரண்டிக்கும் ஸ்டாண்ட் மிக்சருக்கும் நடுவில் எங்கள் வீட்டில் மிக்ஸி காலம் ஒன்று இருந்தது. அதைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஆச்சிக்குக் கை முடியாமல் போனதும் அம்மா எல்லாவற்றையும் மிக்ஸி ஜாரில் போட்டு அடித்தாள். நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றுகிற பிளேடு வெட்டும், சூடாக்கும், காற்றைக் கட்டாது. அந்த வருஷத்துக் கேக்குகள் நன்றாகவே இனித்தன. சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் சேதம்.

ஸ்டாண்ட் மிக்சர் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றைத் தாண்டாது. அதுவே எங்கள் வீட்டுப் பயத்தைத் தலைகீழாக்கப் போதுமானதாக இருந்தது. ஆச்சி காலத்துப் பயம், போதுமான அளவு அடிபட்டதா என்பது. அளவுக்கு மீறி அடித்துவிட எந்தக் கையாலும் முடியாது, வலி முந்திக்கொள்ளும். மிஷினுக்கு வலி இல்லை. மைதா சேர்த்த பிறகு ஒரு போன் பேசிவிட்டு வந்தால் போதும், மாவில் பசை ஏறி, வெந்த கேக்கை அறுத்தால் உள்ளே எலி வளை மாதிரி பொந்து பொந்தாக இருக்கும். மக்ரூன் இன்னும் மோசம். முந்திரி, சீனி, முட்டை வெள்ளை, மூன்றே பொருள். ஊரே மக்ரூனுக்குப் பேர் போனது என்றாலும் ஆச்சி அதை வீட்டில் செய்ததே இல்லை. வெள்ளைக் கருவைக் கையால் நுரைக்கட்ட யாரால் ஆகும் என்று பேக்கரியில் வாங்குவாள். இப்போது கம்பி விஸ்க்கை மாட்டிவிட்டால் சில நிமிடத்தில் நுரை கொம்பு மாதிரி நிற்கிறது. கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து தண்ணீர் விட்டுவிடும். அதற்கு மேல் அதைக் காப்பாற்ற முடியாது.

போன வருஷம் ஈஸ்டருக்கு பன் போடுகிறேன் என்று கையேட்டில் சொன்ன அளவைப்போல் ஒன்றரை மடங்கு மைதாவைக் கொட்டினேன். மாவு பிசைய இரண்டாம் வேகத்தைத் தாண்டாதே என்றிருந்ததையும் தாண்டினேன். மாவு கொக்கியில் ஏறிக்கொண்டது. மிஷின் முக்கியது, முனகியது, மேசைமேல் நாலு விரற்கடை நடந்தே போனது. பிறகு கடகடவென்று சத்தம். தலை சுற்றவில்லை, மோட்டார் மட்டும் ஓடியது. கிரைண்டர் ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி கழற்றி, பழைய கிரீஸைத் துணியால் வழித்துவிட்டு, பல் மழுங்கிய சின்னச் சக்கரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதுதான் போச்சும்மா, மோட்டார் தப்பிச்சிட்டு. இது உடையட்டும்னேதான் வச்சிருக்கான்." புதுச் சக்கரம் போட்டு, புது கிரீஸ் வைத்து மூடினார். பீட்டருக்கும் கிண்ணத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க, அடியில் ஒரு நாணயத்தைப் போட்டு ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றிலும் பீட்டர் அதை லேசாகத் தள்ளினால் உயரம் சரி. அவர் சட்டைப்பையிலிருந்தே ஒரு ரூபாயை எடுத்துப் போட்டார். சரியாக நகர்ந்தது. திரும்ப எடுத்துக்கொண்டார்.

மிஷின் வந்து எதை இழந்தோம் என்று கேட்டால், கரண்டி கைமாறிய அந்த வட்டத்தைச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அந்த நாலு மணி வட்டத்தில்தான் சித்திக்குப் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று முடிவானது. ஊர்ச் சேதி முழுக்க அங்கேதான் அலசப்பட்டது. அதே வட்டத்தில்தான் அம்மாவின் வலது தோளும் போனது. இப்போது அவளால் கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது, தலை பின்ன நான் வேண்டும். அன்றைக்கு ஒரே கருக்கலில் அடித்து, ட்ரேக்களில் ஊற்றி, பேர் எழுதிய சீட்டு ஒட்டி, பேக்கரி அடுப்பில் சுட்டு வாங்கி, தெருவுக்கே தட்டு அனுப்பினோம். இன்றைக்குத் தெருவில் பல வீட்டுக்கும் நான் விற்கிறேன். வாட்ஸ்அப்பில் ஆர்டர், பெட்டிமேல் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண். எதிர்வீட்டு அக்காவிடம் காசு வாங்க முதல் வருஷம் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை.

இந்த டிசம்பரில் ஒரு காலை, வெண்ணெயும் சீனியும் போட்டு மிஷினை ஓட்டிவிட்டு, ஏசி குளிர் வெளியேறாமல் கதவைச் சாத்திவிட்டு அடுக்களையில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்து முந்திரியை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தாள். முதலில் பீட்டர் கிண்ணத்தில் அறைகிற தட்தட் சத்தம் கேட்டது. பிறகு அது அடங்கி, வழவழவென்று ஒரே இரைச்சலானது.

"போதும்ட்டி, நிறுத்து" என்றாள் அம்மா, முந்திரியிலிருந்து தலையை எடுக்காமல்.

செல்போனில் நான் வைத்திருந்த டைமர் இன்னும் இரண்டு நிமிடம் காட்டியது. கதவைத் திறந்துபோய்ப் பார்த்தேன். வெண்ணெய் வெளுத்திருந்தது.