ப்ளக்கைச் சொருகுவதற்கு முன்

“ஓடுதான்னு சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தேன் தம்பி.”

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், போன ஆடி மாதம் என் மேசைமீது ஒரு பிபிசி மைக்ரோவை இறக்கி வைத்துவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம் இது. பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவன் நான். இந்த வாக்கியம் காதில் விழாத மாதம் கிடையாது. நாற்பது வருடம் எலிக்கும் மழைக்கும் தப்பிப் பரணில் கிடந்த பெட்டி, அந்த ‘சும்மா ஒரு தடவை’யில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஆசிரியருடையது புகைந்ததோடு நின்றது. கால் மணி நேரம் திரையில் எழுத்தெல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. பேரனுக்கு ஒரு நிரல்கூட அடித்துக் காட்டியிருக்கிறார். திடீரென்று ‘பட்’ என்று ஒரு சத்தம், பின்னால் குபுகுபுவென்று புகை. மூன்று நாளாக வீட்டில் அந்த நெடி போகவில்லையாம். பேரன் இப்போது அந்த அறைப் பக்கமே வருவதில்லை என்றார், வருத்தமாக.

இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் கொண்டுவந்த எந்திரம் அது. 1984-85இல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்சாதன அறைக்குள் போய் அதை எட்டிப் பார்த்தவர்களுக்கு இன்று ஐம்பது வயது தாண்டியிருக்கும். வரலாறு இவ்வளவு போதும். பவர் சப்ளையைத் திறப்போம்.

மின்சாரம் உள்ளே நுழையும் இடத்திலேயே, தேன் நிறத்தில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இரண்டு சிறு கட்டிகள் நிற்கும். மேலே ரீஃபா என்று அச்சிட்டிருக்கும். உலோகம் பூசிய காகிதத்தைச் சுருட்டிப் பிசினில் அடைத்த கெப்பாசிட்டர்கள் அவை. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ஏரி வற்றிய தரைபோல மேல் முழுக்க மயிர்க்கோடுகள். அந்தக் கோடுகள் வழியே ஈரம் இறங்கும், காகிதம் அதைக் குடித்துக்கொள்ளும். பிறகு 230 வோல்ட் பாய்ந்தால் சூடேறி வெடிக்கும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. “ஒரு வாரமா ஓடுதே சார்” என்பவர்களுக்குச் சொல்கிறேன்: எட்டாவது நாள் வெடிக்கும்.

இரண்டையும் கழற்றிப் புதிது போட ஆகும் செலவு ஒரு டீ, வடைக் காசு. ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், மற்றது 0.01. ஆனால் வாங்கும்போது உஷார். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும், “அதே வேல்யூதான் சார், 400 வோல்ட், இன்னும் நல்லது” என்று சாதாரண கெப்பாசிட்டரைக் கையில் திணிக்கலாம். அந்த 400 டிசி. உங்களுக்கு வேண்டியது ‘எக்ஸ்2’ என்ற குறியும், 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேல் என்ற அச்சும் உள்ளது. குறி இல்லாவிட்டால் வாங்காதீர்கள். தவறானதைப் போட்டால் அடுத்த முறை புகையோடு நிற்காது.

இன்னொன்று. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 320 வோல்ட் வரை தங்கியிருக்கும். மீட்டர் வைத்து அளக்காமல் விரல் வைக்காதீர்கள். பழைய கண்ணாடிக்குழாய் மானிட்டரை நீங்கள் திறக்கவே வேண்டாம். உள்ளே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். யூடியூப் பார்த்துத் திறந்தவர்கள் கை உதறியதை நேரில் பார்த்திருக்கிறேன். திறக்காதீர்கள்.

கம்மடோர் 64 வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. அதன் கறுப்பு பவர் சப்ளை செங்கல் மாதிரி கனக்கும், உள்ளே முழுக்கப் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். அதிலுள்ள ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் தர வேண்டியது அதற்கு மேல் தரும். மெமரி சிப்புகள் அப்படியே சாகும். மீட்டரில் இன்று சரியாகக் காட்டியது என்பதற்காக நம்பாதீர்கள். புது சப்ளைக்கு மாறிவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்தது என்றால் அது 110-120 வோல்ட் சப்ளை. நம் ப்ளக் பாயிண்டில் நேராகச் சொருகினால் அதோடு சரி. ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு அடாப்டர் முனையின் நடுப்பகுதி மைனஸ். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். அமிகா 500 பிளஸ் என்றால் போர்டில் இருக்கும் சிறு பேட்டரி கசிந்து செம்புத் தடங்களைத் தின்றுகொண்டிருக்கும், அதை முதல் வேலையாக வெட்டி எடுங்கள்.

எல்லாம் முடித்த பிறகும் முதல் தடவை சீரிஸ் பல்பு போட்டு ஓட்டுங்கள். எந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டாலும் ஒரு போர்டு செய்து தருவார். பல்பு ஒரு முறை மின்னி மங்கினால் நல்ல செய்தி. பளிச்சென்று நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். உடனே அணையுங்கள்.

மின்சாரத்தைச் சொல்லியாகிவிட்டது. அதைவிடப் பெரிய அலட்சியம் காகித விஷயத்தில்.

பழுதுக்குக் கொடுக்கும் பெட்டியிலிருந்து சிப்பைத் திருடுகிறார்கள். இதை நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. கம்மடோர் 64இல் ஒலி எழுப்பும் 6581 சிப் இப்போது உற்பத்தியில் இல்லை. சங்கீதக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். போலியும் சந்தையில் ஓடுகிறது. என்னிடம் வந்த ஒரு பெட்டி, அதற்கு முன் வேறு ஊரில் ஒரு கடையில் நான்கு மாதம் கிடந்திருக்கிறது. திரும்பி வந்தபோது படம் வந்தது, சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தால் சாக்கெட் காலி. கடைக்காரர், “நீங்க குடுக்கும்போதே அப்படித்தான்” என்கிறார். பெட்டியின் சொந்தக்காரரிடம் என்ன ஆதாரம்? ஒரு துண்டுச் சீட்டு. அதில் ‘பழைய கம்ப்யூட்டர் – 1’ என்று பேனாவில் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். நானும் உதட்டைப் பிதுக்குவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே, கொடுக்கும் முன் மூடியைத் திறந்து போர்டைப் படம் எடுங்கள். ஒவ்வொரு பெரிய சிப்பின் மேலும் அதன் எண்ணும், எந்த ஆண்டு எந்த வாரம் தயாரானது என்று சொல்லும் நான்கு இலக்கக் குறியும் இருக்கும். அது படத்தில் வாசிக்கும்படி இருக்க வேண்டும். மங்கலான படம் எதற்கும் உதவாது. கடையில் ஜாப் கார்டு கேளுங்கள். மாடல், அடியிலுள்ள சீரியல் எண், கொடுத்த தேதி, சொன்ன கோளாறு, உத்தேசச் செலவு, கழற்றும் உதிரிகளைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி, கடை முத்திரை, கையெழுத்து. “நம்ம கடை சார், சீட்டெல்லாம் எதுக்கு” என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். காசு கொடுத்த பில்லையும் எறியாதீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு செய்யும் பழுதுபார்ப்பு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை. அதில் குறை என்றால் முதலில் கடைக்கு, பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு கடிதம், ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில். வாட்ஸப்பில் திட்டுவது கடிதம் ஆகாது. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். இது பலருக்குத் தெரியாது, ஆணையத்தின் வாசலில் இருப்பவர்களும் சொல்வதில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. மனு, பிரமாணப் பத்திரம், ஜாப் கார்டு, பில், கடித நகல், அஞ்சல் ஒப்புகை, படங்கள் என்று எண்ணிட்டு அடுக்குங்கள். பில்லின் கீழே ‘எதற்கும் பொறுப்பல்ல’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயந்து பின்வாங்காதீர்கள். அந்த வரி சட்டத்தைவிடப் பெரியதல்ல.

மனுப் போடக் கெடு இரண்டு வருடம். திரும்பச் சொல்கிறேன், இரண்டு வருடம்தான். “போனால் போகட்டும்” என்று மூன்றாம் வருடம் ஞாபகம் வந்தால் பிரயோஜனமில்லை.

தனி ஆள் ஒருவர் தன் வீட்டுப் பழைய பெட்டியை இணையத்தில் விற்று ஏமாற்றினால் அது நுகர்வோர் வழக்கில் அடங்காது, அவர் வியாபாரி இல்லை. பணம் அனுப்பி ஏமாந்தால் அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். பள்ளியில் கண்டம் செய்த பொருள் என்று சொல்லி யாராவது விற்றால் ஏலச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சீட்டில்லாத அரசுப் பொருள் உங்கள் வீட்டில் இருப்பது உங்களுக்கு நல்லதல்ல.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் கவனிக்க: பழைய கம்ப்யூட்டரை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். பார்சல்மேல் ‘பரிசு’ என்று எழுதுவது அனுமதி ஆகாது. சுங்கத்தில் பிடித்துவிட்டால், நீட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் ‘விளக்கம் கேட்கும் நோட்டீஸ் எனக்கு வேண்டாம்’ என்ற வாசகம் இருக்கலாம். வாசித்துவிட்டுப் போடுங்கள். முடிவை எழுத்தில் கேளுங்கள். அந்த உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளைக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் அப்பீல் செய்யலாம். உத்தரவே வாங்காமல் வீடு திரும்பியவருக்கு எதன்மேல் அப்பீல்?

ஆசிரியரின் பெட்டி பிழைத்துவிட்டது. இரண்டு கெப்பாசிட்டர் மாற்றியதும், அந்தப் பழைய இரட்டைப் ‘பீப்’ சத்தத்தோடு ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ என்று திரையில் வந்தது. கழற்றிய இரண்டையும் ஒரு கவரில் போட்டு, பில்லோடு அவர் கையில் கொடுத்தேன்.

நீங்களும் கொண்டு வாருங்கள். ப்ளக்கைச் சொருகிப் பார்த்தீர்களா என்று முதலில் கேட்பேன். உண்மையைச் சொல்லுங்கள், ஜாப் கார்டில் அதையும் எழுத வேண்டும்.